‘வெறும்’ என்றொரு சொல்

அண்மையில் ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்குப் போயிருந்தேன். மேடையில் ஆறு பேர், எதிரே நாற்பது பேர். அந்த நாற்பதில் பாதி நூலாசிரியரின் சொந்தக்காரர்கள். வாழ்த்துரை வழங்க வந்த பெரியவர் மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்: “இதை வெறும் நகைச்சுவைப் புத்தகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இதற்குள் ஆழமான விஷயங்களும் இருக்கின்றன.” கூட்டம் கைதட்டியது. நூலாசிரியர் எழுந்து கும்பிட்டார். தண்டனையில் பாதியைக் குறைத்த நீதிபதியைக் கைதி கும்பிடுவதுபோல இருந்தது அந்தக் கும்பிடு.

இருபது வருடமாக இலக்கியக் கூட்டங்களுக்குப் போய்வருகிறேன். “இதை வெறும் சோகக் கதை என்று நினைத்துவிட வேண்டாம், இதற்குள் நல்ல சிரிப்பும் இருக்கிறது” என்று ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. சோகத்துக்குச் சிபாரிசு தேவைப்படுவதில்லை. அது நேராக உள்ளே வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. சிரிப்புதான் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, யாராவது ஜாமீன் கொடுக்க மாட்டார்களா என்று நிற்கிறது.

‘வெறும்’ என்பது பொல்லாத சொல். வெறும் வயிறு, வெறுங்கை, வெறுங்கால், வெறும் பாத்திரம். இருக்க வேண்டியது இல்லை என்று காட்டிக்கொடுப்பதுதான் அதன் வேலை. வெறும் சிரிப்பு என்றால், சிரிப்போடு வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும், அதைக் காணவில்லை என்று பொருள். அப்படி எதுவும் காணாமல் போகவில்லை என்பது என் கட்சி. புத்தகத்தில் ஆனாலும் அன்றாடத்தில் ஆனாலும், சிரிப்பும் சின்னச் சின்ன இன்பங்களும் உற்றுப் பார்ப்பவர் கண்ணில் மட்டும் படுகிறவை. அவற்றை மேம்போக்கு என்கிறவர்கள், மேம்போக்காகப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அது நான்கு கால்களில் நிற்கிறது. வாழ்வின் ஆழம் துயரத்தில் இருக்கிறது, சிரிப்பில் ஆழமில்லை என்பது முதல் கால். ஊர் எரியும்போது ஜோக் அடிப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்பது இரண்டாவது. காபி மணத்தையும் மண்வாசனையையும் ரசிப்பது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்பது மூன்றாவது. இதைப் படித்து என்ன பயன் என்பது நான்காவது. இப்படிச் சொல்கிறவர்களில் நான் மதிக்கிற பலர் இருக்கிறார்கள். மதிக்காதவர்கள் மட்டும் சொல்லியிருந்தால் பதில் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஆழத்திலிருந்து தொடங்குவோம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. நகை முதலாவது, அழுகை இரண்டாவது. முதலில் வைத்ததாலேயே நகை உயர்த்தி என்று வழக்காட மாட்டேன். பட்டியலில் ஏதாவது ஒன்று முதலில் வந்துதானே ஆக வேண்டும். நான் பார்க்கச் சொல்வது அடுத்த கணக்கை. அழுகை பிறக்க நான்கு காரணங்கள்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. நகை பிறக்கவும் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அந்தப் பக்கம் நான்கு, இந்தப் பக்கம் நான்கு. தராசு முள் அசையவில்லை. பேராசிரியர் என்ற உரைகாரர் இன்னும் ஒருபடி போய், சிரிப்பையே மூன்றாகப் பிரிக்கிறார்: முறுவலிப்பது, அளவாகச் சிரிப்பது, பெருகச் சிரிப்பது. ஒன்றுமில்லாத சரக்கை யாரும் இத்தனை படி வைத்து அளக்க மாட்டார்கள்.

இலக்கணம் கிடக்கட்டும். கலித்தொகையில் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியில் ஒரு காட்சி. ஒருத்தி தோழியிடம் நடந்ததைச் சொல்கிறாள். சின்ன வயதில் இவர்கள் கட்டிய மணல்வீட்டை மிதித்து, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய போக்கிரிப் பையன் இப்போது வளர்ந்துவிட்டான். ஒருநாள் இவள் வீட்டு வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான். அம்மா இவளிடம் கொடுத்தனுப்புகிறாள். நீட்டிய கையை வளையலோடு சேர்த்துப் பிடித்துவிடுகிறான். பதறிப்போய் அம்மாவைக் கூப்பிட்டுவிடுகிறாள். அம்மா அலறியடித்துக்கொண்டு ஓடி வருகிறாள். அதற்குள் இவள் மனம் மாறிவிட்டது. தண்ணீர் குடிக்கும்போது இவருக்கு விக்கிக்கொண்டது என்று சொல்லிவிடுகிறாள். பாவம், அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். அவனோ அம்மாவுக்குத் தெரியாமல் இவளைக் கடைக்கண்ணால் பார்த்துச் சிரிக்கிறான்.

இதில் ஆழம் எங்கே என்று கேட்டால், விக்கலில் இருக்கிறது. கூப்பிட்டதற்கும் அம்மா வாசலுக்கு வந்து சேர்ந்ததற்கும் இடையே எத்தனை நொடி இருந்திருக்கும்? அதற்குள் ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தீர்மானித்துவிட்டாள். உன்னை விரும்புகிறேன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை, விக்கல் என்றாள். இதையே கண்ணீரோடு எழுத வேண்டுமானால் தூங்காத இரவுகள் நான்கு, நிலா ஒன்று, பெருமூச்சு பத்துப் பதினைந்து தேவைப்படும். கபிலருக்கு ஒரு செம்பு தண்ணீர் போதுமானதாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. சோகத்தில் கள்ளநோட்டு அடிக்க முடியும். ஒரு மழை, ஒரு ஆஸ்பத்திரி வராந்தா, மஞ்சளித்த ஒரு கடிதம், முடிக்காமல் மூன்று புள்ளி வைத்துவிட்ட வாக்கியங்கள். படிப்பவருக்கு அழுகை வராவிட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டுவார். சிரிப்பில் அந்த வசதி கிடையாது. வாசகருக்குச் சிரிப்பு வந்ததா, வரவில்லையா? அவ்வளவுதான் பரீட்சை. ஒரு சொல் முன்னே பின்னே போனால் ஜோக் செத்துவிடும். அதற்குப் பொழிப்புரை எழுதி உயிர் கொடுக்கவும் முடியாது. இவ்வளவு கறாரான தொழிலைச் சுலபமானது என்று சொல்கிறவர்கள் ஒரே ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும்.

பெரிய எழுத்தாளர் சிரிக்க வைத்துவிட்டால் மட்டும் விமர்சகர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். அதற்கு அங்கதம், பகடி என்று வேறு பெயர் சூட்டி உள்ளே விட்டுவிடுவார்கள். வேட்டி கட்டிக்கொண்டு வந்தால் அங்கதம். லுங்கியோடு வந்தால் ஜோக். ஆள் ஒருவர்தான்.

தமிழ் உரைநடைக் கதையின் ஜாதகத்தை எடுத்துப் பார்த்தால் இந்தத் தீண்டாமைக்கு நியாயமே இல்லை. தேம்பாவணி பாடி, சதுரகராதி தொகுத்த வீரமாமுனிவர்தான் பரமார்த்த குருவையும் ஐந்து சீடர்களையும் எழுதினார். 1822இல் அது லண்டனில் அச்சாகியிருக்கிறது. 1879இல் வந்த நம் முதல் நாவல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’; எழுதியவர் முன்சீப் வேலை பார்த்த வேதநாயகம் பிள்ளை. கோர்ட்டில் நாளெல்லாம் மனிதர்களின் பொய்யைக் கேட்டுக் களைத்தவர் நாவல் எழுத உட்கார்ந்தபோது, பக்கத்துக்குப் பக்கம் வேடிக்கைக் கதைகளைத்தான் அடுக்கினார். அடுத்து ராஜம் ஐயர். ‘கமலாம்பாள் சரித்திரம்’ போய்ச் சேரும் இடம் வேதாந்தம். ஆனால் படித்தவர்கள் மறக்காமல் வைத்திருப்பது ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வாத்தியாரை. பாரதிக்கும் சிரிப்பு அந்நியமில்லை. ஜமீன் தர்பாரைக் கேலி செய்கிற ‘சின்னச் சங்கரன் கதை’யை அவர் முடிக்காமல் விட்டது நமக்குத்தான் நஷ்டம்.

பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்து கரையேறியதும் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று எண்ணுவார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான். ஒரு தலை குறையும். ஐயோ, ஆறு ஒருவனை விழுங்கிவிட்டதே என்று அழுவார்கள். நம்முடைய தீவிர விமர்சகர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சீடன் நினைவுதான் வருகிறது. மனித குலத்தின் அபத்தங்களையெல்லாம் விரல்விட்டு எண்ணுவார்கள், தங்களை மட்டும் விட்டுவிட்டு. ஒன்று குறைகிறதே என்று அவர்களுக்கு ஒரே துக்கம். சிரிக்கத் தெரிந்தவன் தன்னிடமிருந்து எண்ணத் தொடங்குவான். அவன் கணக்கு சரியாக வரும்.

கல்கியின் கதையும் இதே கதைதான். அவர் முதலில் பெயர் வாங்கியது ஆனந்த விகடனில் எழுதிய வேடிக்கைக் கட்டுரைகளால். சாகித்திய அகாதெமி பரிசு அவர் மறைந்த பிறகு, 1956இல், ‘அலை ஓசை’க்குக் கிடைத்தது. தேசப் பிரிவினையைப் பேசுகிற நாவல். பரிசு கொடுத்ததில் தவறில்லை. ஆனால் அத்தனை நூறு பக்கம் வாசகரைக் கைபிடித்துக் கூட்டிப்போகிற அந்த நடை எங்கே பழகியது? சபாக் கச்சேரியையும் ரயில் பயணத்தையும் கேலி செய்து எழுதிய பத்திரிகைப் பத்திகளில்தான். கிணறு வெட்டியவருக்குக் கூலி இல்லை, தண்ணீருக்கு மாலை.

இரண்டாவது கால்: சிரிப்பு தப்பித்தல். இதை விமர்சகர்களிடம் கேட்பதைவிட ஆட்சியாளர்களிடம் கேட்பது நல்லது. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருக்கிற இரண்டு பேரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்கிற ஜோக். சொல்லப்பட்ட அடையாளம் இருவருக்கும் பெருமை சேர்ப்பதாக இல்லை. சட்டமன்றம் அதை உரிமை மீறல் என்று எடுத்துக்கொண்டு ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. எழுந்த கண்டனத்தில் சில நாட்களிலேயே விடுவிக்க வேண்டியதாயிற்று. அவர் விடவில்லை, வழக்குப் போட்டு 1000 ரூபாய் இழப்பீடும் வாங்கினார். அந்த வருடம் தமிழில் எத்தனையோ கனமான தலையங்கங்கள் வந்திருக்கும். மன்றத்துக்கு வலித்தது ஒரு துணுக்கு. பாரதி தன் ‘இந்தியா’ வார இதழில் கேலிச்சித்திரம் போட்டது இடம் நிரப்புவதற்காக என்று யாராவது சொல்வார்களா? கடல் தாண்டி, ‘சுந்தர்’ என்ற சிவஞானசுந்தரம் நடத்திய ‘சிரித்திரன்’ நகைச்சுவை இதழ் போர்ச்சூழலிலும் யாழ்ப்பாணத்தில் வந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் தப்பித்துப் போய்விடவில்லை. சிரித்தவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள்.

துன்பம் வரும்போது சிரிக்கச் சொன்ன குறளை நாம் ஆறுதல் வாசகமாக்கி, காலண்டரில் அச்சடித்து மாட்டிவிட்டோம். வள்ளுவர் அதை எங்கே வைத்தார் என்று பாருங்கள். பொருட்பாலில், அரசியலில், ஆள்வினையுடைமைக்கு அடுத்த அதிகாரத்தில். சோம்பல் கூடாது, முயற்சி வேண்டும் என்று சொல்லி முடித்த கையோடு சிரிப்பை எடுத்து நீட்டுகிறார். உழைக்கப் போகிறவனுக்கு மண்வெட்டியைக் கொடுப்பதுபோல. தப்பி ஓடுகிறவனுக்கு யாரும் மண்வெட்டி கொடுப்பதில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது ஒன்று. பெரியப்பாவுக்கு ஒரு வழக்கம். ராத்திரி வாசல் கேட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். படுத்த பிறகு சந்தேகம் வந்து, எழுந்து போய் நாலாவது தடவையும் இழுப்பார். நாற்பது வருடம் அந்தச் சத்தத்தோடுதான் அந்த வீடு தூங்கியது. அவர் இறந்த அன்று பகல் முழுக்கக் கூட்டம். தங்கமான மனுஷன், அதிர்ந்து பேச மாட்டார், யாருக்கும் தீங்கு நினைக்காதவர் என்று வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். பெரியம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நடுராத்திரிக்குமேல் கூட்டம் கலைந்தது. கூடத்தில் ஐஸ் பெட்டி, சுற்றிலும் நாங்கள் ஏழெட்டுப் பேர். நாய் உள்ளே வந்துவிடும் என்று தம்பி கேட்டைச் சாத்திப் பூட்டிவிட்டு வந்தான். அப்போது பெரியம்மா வாயைத் திறந்தார்: “போய் நல்லா இழுத்துப் பாத்துட்டு வாடா. இல்லேன்னா எந்திரிச்சு வந்துடப் போறாரு.”

ஒரு கணம் யாருக்கும் மூச்சு வரவில்லை. பிறகு யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட, கூடம் முழுக்கச் சிரித்தது. பெரியம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அழ ஆரம்பித்தார். காலையிலிருந்து வராத அழுகை.

பெரியம்மா துக்கத்திலிருந்து தப்பித்துக்கொண்டார் என்று யாராவது சொன்னால் நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிடுவேன். தங்கமான மனுஷன் என்று யாரைப் பற்றி வேண்டுமானாலும் சொல்லலாம். தெருக்கோடியில் அடுத்த வாரம் சாகப்போகிறவரைப் பற்றியும் அதே ஆட்கள் அதையே சொல்வார்கள். அன்று பகல் முழுக்கக் கண்ணியமாகப் பேசிய யாரும் பெட்டிக்குள் படுத்திருந்த ஆளைப் பார்க்கவில்லை. பெரியம்மா பார்த்தார். பூட்டை நாலாவது தடவை இழுத்துப் பார்க்க எழுந்து போகிற அந்த ஒரே ஆளை.

மூன்றாவது கால், இருப்பதிலேயே கனமானது. சின்ன இன்பங்கள் வசதி உள்ளவர்களின் விளையாட்டு. இதைச் சொல்கிறவர்களின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை; கணக்கைத்தான் சந்தேகிக்கிறேன். வசதி உள்ளவர்கள் வாங்குவது பெரிய இன்பங்களை. கடற்கரையைப் பார்த்த வீடு, மலைமேல் ஓய்வு, கடல் தாண்டிப் பயணம். மற்ற எல்லோருக்கும் மிஞ்சுவது சின்ன இன்பம். அதையும் பிடுங்கிவிட்டு அவர்களைப் புரட்சிக்கோ துக்கத்துக்கோ மட்டும் நேர்ந்துவிட்டால், அது அவர்களுக்குச் செய்கிற நன்மையா?

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையைத் தத்துவக் கதை என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது எங்கே தொடங்குகிறது? பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கிற முனையில் நின்றுகொண்டு கந்தசாமிப் பிள்ளை போடுகிற கணக்கில். டிராமில் போனால் மிச்சமாகிற காலணாவுக்கு வெற்றிலை போடலாம். பஸ்ஸில் கண்டக்டரை ஏய்த்துக் கொஞ்ச தூரம் போனால் அரைக் கோப்பை காபி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது. பிரபஞ்சத்தைப் படைத்தவர் வந்து வழி கேட்பதற்கு முன்னால் அந்த மனிதர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது இதுதான். வெற்றிலையா, அரைக் கோப்பை காபியா? பணம் உள்ளவர் இரண்டையும் வாங்கிக்கொண்டு எதையும் கவனிக்காமல் போய்விடுவார். அரைக் கோப்பையின் ருசி, பணம் இல்லாதவருக்குத்தான் தெரியும். அதைத் தெரிந்து எழுதியதால்தான் அந்தக் கதாபாத்திரத்தால் கடவுளிடமே பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்க முடிகிறது.

நடவு வயலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இடுப்பொடிகிற வேலை. வரப்பில் ஒருவர் குடையோடு நின்று மேற்பார்வை பார்ப்பார். அவர் முதுகைக் காட்டியதும் வரிசையில் ஒருத்தி, அவர் இருமுவதுபோலவே ஒரு இருமல் இருமிக் காட்டுவாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சிரிப்பு ஓடும். கை நாற்றை விடாது. குடைக்காரர் திரும்பிப் பார்த்தால் எல்லாத் தலையும் குனிந்திருக்கும். இதைச் சொகுசு என்றால் அந்தப் பெண் உங்களைப் பார்த்தும் ஒருதரம் இருமிக் காட்டுவாள்.

கி. ராஜநாராயணன் தன் படிப்பைப் பற்றி ஒன்று சொல்லிக்கொள்வார்: மழைக்குத்தான் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினாராம், அப்போதும் பள்ளிக்கூடத்தைப் பார்க்காமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். எல்லோரும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிற இந்த ஜோக்கில்தான் அவருடைய இலக்கியம் முழுவதும் இருக்கிறது. மழையைப் பார்த்தார். கரிசல் காட்டில் மழை எப்படி வரும், வராமல் எப்படி ஏமாற்றும், அதற்கு மக்கள் என்னென்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்தார். மழைக்கு ஒதுங்கிய மனிதரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக்கிக்கொண்டது. பள்ளிக்கூடத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது?

கடைசிக் கால்: படித்து என்ன பயன்? இந்தக் கேள்விக்கு இப்போது புதுச் சட்டை போட்டுவிட்டார்கள். வருடத்துக்கு இத்தனை புத்தகம் என்று இலக்கு வைத்து, முடித்ததைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் கற்றுக்கொண்ட பாடம் ஐந்து என்று எழுதுகிறார்கள். புத்தகத்தைக் கசக்கிச் சாறு எடுத்துக்கொண்டு சக்கையை எறிவதுபோல. சக்கையில்தான் ருசி இருக்கிறது என்று யார் அவர்களுக்குச் சொல்வது?

எங்கள் அத்தை வீட்டுப் பரணில் பைண்டு செய்த தொடர்கதைகள் இருந்தன. வாரப் பத்திரிகையிலிருந்து அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்தெடுத்து, ஊசிநூலால் தைத்து, பிறகு கடையில் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டவை. பழைய தூசியும் பசையும் கலந்த ஒரு வாசனை. நகைச்சுவை எழுத்தாளர் தேவனின் கதைகளை நான் படித்தது அப்படித்தான். கதை எவ்வளவு ருசியோ அவ்வளவு ருசி கதையல்லாத மற்றவையும். இருமல் மருந்து விளம்பரம். கடைசித் தாளின் பின்பக்கத்தில் தொடங்கி, அடுத்த தாள் இல்லாததால் அந்தரத்தில் நிற்கிற வேறு யாரோ எழுதிய கதை. பக்கத்தின் அடியில் ஒரு துணுக்கு. துணுக்கின் கடைசி வரியை பைண்டரின் கத்தி தின்றிருக்கும். டாக்டர் ஏதோ கேட்கிறார், நோயாளி ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், அவ்வளவுதான், பக்கம் முடிந்துவிட்டது. விடுமுறைக்கு வந்த நாங்கள் நாலைந்து பேர் அந்தக் கடைசி வரியை ஆளுக்கொன்றாகச் சொல்லிப் பார்ப்போம். மதியம் முழுக்க ஓடும். நான் எழுதக் கற்றது அங்கேதான் என்று சொன்னால் இதற்கும் ஒரு பயன் கிடைத்துவிடும், பட்டியல் போடுகிறவர்கள் திருப்தியாகிவிடுவார்கள். அந்தத் திருப்தியை அவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. அந்த மதியங்கள் எதற்கும் படிக்கட்டாக இருக்கவில்லை. நன்றாக இருந்தன.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு துப்பறியும் நாவல் இருந்தது. முதல் பக்கத்தில் யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்: கொலைகாரன் யார் என்று தெரிய 96ஆம் பக்கம் பார்க்கவும். அங்கே போனால் 41ஆம் பக்கம் பார்க்கவும். அங்கிருந்து 120. கையெழுத்து மாறவில்லை, எழுதியவர் பொறுமைசாலி. 120இலிருந்து 8, எட்டிலிருந்து கடைசிப் பக்கம். அங்கே கொட்டை எழுத்தில்: உனக்கு வேறு வேலை இல்லையா?

பயன்வாதிகளும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பென்சில்காரர் கேட்டபோது சிரிப்பு வந்தது. காரணம், அவருக்கும் வேறு வேலை இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

எதிர்க்கட்சிக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். எல்லாச் சிரிப்பும் நல்ல சிரிப்பு இல்லை. நிறத்தைப் பார்த்து, பருமனைப் பார்த்து, பேச்சு வழக்கைப் பார்த்து, சாதியைப் பார்த்துச் சிரிக்கிற ஜோக்குகளால் நம் சினிமாவும் பத்திரிகையும் வருடக்கணக்காகப் பிழைத்தன. மனைவியின் பூரிக்கட்டை இல்லாவிட்டால் எத்தனையோ ஜோக் பக்கங்கள் காலியாக வந்திருக்கும். பழமை இதற்கு மன்னிப்பு ஆகாது. நான் மேலே கொண்டாடிய அதே கலித்தொகையில்தான் ஒரு கூனியையும் ஒரு குள்ளனையும் பேசவிட்டு வேடிக்கை பார்க்கிற பாட்டும் இருக்கிறது. அதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. ஆனால் இது சிரிப்பின் குற்றமா? அந்த ஜோக்குகளை எழுதியவர்கள் ஆளை உற்றுப் பார்த்ததில்லை. கூனைப் பார்த்தார்கள், நிறத்தைப் பார்த்தார்கள், அதோடு நிறுத்திக்கொண்டார்கள். எள்ளலுக்கு உரை எழுதும்போது பேராசிரியர் அதை இரண்டாகச் சொன்னார்: பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானும் சிரிப்பது இன்னொன்று. இரண்டாவதைத் தொலைத்தவர்களிடம் முதலாவது சிக்கினால் கொடுமைதான் மிஞ்சும். போலிச் சோகத்தைக் காட்டி யாரும் துன்பியலை ஒதுக்குவதில்லை. கெட்ட ஜோக்கைக் காட்டிச் சிரிப்பை மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும்?

விழா முடிந்து வெளியே வந்தேன். பக்கத்து டீக்கடையில் அந்தப் பெரியவர் நின்றிருந்தார். பொன்னாடையை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டார். சுற்றிலும் ஐந்தாறு பேர். தன் மைத்துனர் மகள் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அச்சகத்தில் ஒரே ஒரு எழுத்து மாறிப்போய், சுற்றமும் நட்பும் சூழ வருமாறு ‘அன்புடன் அழிக்கிறோம்’ என்று 500 பத்திரிகை வந்துவிட்டதாம். திருப்பி அடிக்க நேரமில்லை. மைத்துனர் வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைக்கும்போது அந்த வரியின்மேல் கட்டை விரலை வைத்து மறைத்தபடியே நீட்டினாராம். அந்தக் கட்டை விரலைப் பெரியவர் நடித்துக் காட்டினார். தாம்பாளம் இல்லை, டீ கிளாஸ்தான். மைத்துனரின் அசட்டுச் சிரிப்பு, பத்திரிகையை வாங்கியவர் விரலை எடுக்கச் சொன்னபோது அவர் முழித்த முழி, எல்லாம் அச்சாக வந்தது. டீ சிந்தி வேட்டியெல்லாம் கறை. மாஸ்டர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டேன்: “ஐயா, இதை மேடையிலேயே சொல்லியிருக்கலாமே?”

பெரியவர் வேட்டியை உதறிக்கொண்டே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“சேச்சே. அது இலக்கியக் கூட்டம் தம்பி.”